ஓடுகிற பிள்ளைக்கு எந்தக் கிஃப்ட் கார்டு?

கேள்வி: என் அக்கா மகள் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் ஒன் படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுவாள். போன வருடம் ஜில்லாவில் ஜெயித்து மாநிலப் போட்டி வரை போனாள். ஓணத்துக்குத் துணி எடுப்பதற்குப் பதிலாக, கோயம்புத்தூரில் புரோட்டீன் பவுடர் விற்கும் ஒரு கடையின் 3,000 ரூபாய் கிஃப்ட் கார்டு தரலாம் என்றிருந்தேன். அவளுடைய கோச், ‘பவுடர் பக்கமே போகக் கூடாது, நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) பிடிக்கும்’ என்கிறார். ‘பள்ளிக்கூடத்துப் பிள்ளையை யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்?’ என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி?
— ஒரு தாய்மாமன், சித்தூர் தாலுகா

பதில்: கோச் சொல்வதுதான் சரி. அந்தக் கார்டை வாங்காதீர்கள்.

முதலில் மச்சானுக்குப் பதில். வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 1999-இல் தொடங்கியது. தலைமையகம் கனடாவின் மாண்ட்ரியலில். விதிகளை வகுப்பதும், தடை செய்த பொருள்களின் பட்டியலை வருடா வருடம் ஜனவரி 1 முதல் புதுப்பிப்பதும் அவர்கள் வேலை. நம் நாட்டில் ஆள் அனுப்பிச் சோதிப்பது நாடா. 2022-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே அதற்குப் பின்னால் இருக்கிறது. சிறுநீர் மாதிரி டெல்லியிலுள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போகும். தப்பு தெரிந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும், அதற்கு மேல் அப்பீல் குழு உண்டு. போலீஸ் கேஸ் இல்லைதான், ஆனால் ஓடத் தடை வரும். தேசிய அளவில் நடக்கும் கேலோ இந்தியா போட்டிகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளே மாட்டியிருக்கிறார்கள். மாநில அளவைத் தொட்டுவிட்ட பெண் அந்த இடத்துக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் கோச்சின் பயம் புரியும். ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து கையெழுத்து வாங்குவார். அதன்பின் அந்தப் பெண்ணைக் கண்ணில் இருந்து விட மாட்டார். ஒரு பெண் அதிகாரியின் முன்னால் குறைந்தது 90 மில்லி சிறுநீர் தர வேண்டும். அதை ஏ, பி என்று இரண்டு பாட்டில்களில் ஊற்றி மூடி சீல் வைப்பார்கள். வயது பதினெட்டுக்குள் என்பதால் கூட ஒரு பெரியவர் இருக்கலாம். அப்புறம் ஒரு படிவம்: கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து, பவுடர் எடுத்தாய்? நீங்கள் தந்த கார்டில் வாங்கிய டப்பாவின் பெயரை அவள்தான் அங்கே எழுதுவாள்.

இந்த விதியின் கடுமையான இடம் இதுதான். உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு விளையாட்டு வீரருடையது. மாமா கொடுத்தார், லேபிளில் போடவில்லை என்று சொன்னால் தண்டனை குறையலாம். சிறு வயது என்பதற்கும் சலுகை உண்டு. ஆனால் அன்று ஜெயித்த மெடல் போனது போனதுதான். லேபிளில் பெயரே இல்லாத ஸ்டீராய்டும் ஊக்கப் பொருளும் பவுடர் டப்பாக்களில் கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். உணவுப் பாதுகாப்பு முத்திரை இருந்தாலும், கலப்பு இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. பவுடர் கூட வேண்டாம், இருமல் மருந்தே போதும்: கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா 2019-இல் எட்டு மாதம் தடை வாங்கியது இருமல் சிரப்பில் இருந்த டெர்புடலின் என்ற மருந்தால்.

கிஃப்ட் கார்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தானே பார்த்து வாங்கும் சந்தோஷம் பெரியது. ஆனால் பவுடர் கடை கார்டில் பவுடரைத் தவிர வேறு என்ன வாங்குவாள்? காசு வீணாகக் கூடாதே என்று அம்மாவும் ஒரு டப்பாவைத் தூக்கிக் கொடுப்பாள். அதனால் விளையாட்டுச் சாமான் கடையின் கார்டாகப் பாருங்கள். ஒன்று கவனியுங்கள்: வங்கி தரும் கிஃப்ட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி விதி உண்டு, 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது, குறைந்தது ஒரு வருடம் செல்லும், பணமாக எடுக்க முடியாது. கடை தன் சொந்தச் சாமானுக்கு மட்டும் தரும் கார்டு அந்த விதிக்குள் வராது. கடைசித் தேதியைக் கடையே வைக்கும். வாங்கும்போதே பின்புறம் படித்துவிடுங்கள்.

என் ஆசையைக் கேட்டால், கார்டை விட்டுவிட்டு அவளையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிக் கொடுங்கள். காலுக்குப் பொருந்துகிறதா என்று போட்டு நடந்து பார்த்தால்தான் தெரியும். பாலக்காடு மெடிக்கல் காலேஜ் மைதானம் மாதிரி சிந்தெடிக் டிராக்கில் ஓடுபவளுக்கு ஆணி 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள்.

அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காய்ச்சல், இருமல் என்று டாக்டரிடம் போனால், ‘இவள் போட்டிக்கு ஓடுகிறவள்’ என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கக் கூடாது. ஆஸ்துமா மாதிரி ஏதாவது இருந்து, தடைப் பட்டியலில் உள்ள மருந்தை விட முடியாத நிலை என்றால், சிகிச்சைக்கான விலக்கு கேட்டு நாடாவுக்கு விண்ணப்பிக்கலாம். டாக்டரின் குறிப்புகளையும் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தால் அது சுலபம்.