டெங்கு வந்தப்ப கஞ்சி குடுத்தது யாரு?

கேள்வி: தம்பிக்கு 26 வயசு. பொள்ளாச்சிலேர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் அங்க ஒரு சத்சங்க குரூப்ல சேந்துட்டான். சனி ஞாயிறு முழுக்க அங்கதான், சம்பளத்துல ஒரு பங்கு குடுக்கறான், கறி சாப்பிடறதையும் விட்டுட்டான், சித்தி பொண்ணு கல்யாணத்துக்குக்கூட தலைய காட்டிட்டு கெளம்பிட்டான். டெங்கு வந்தப்ப அந்த ஆளுங்கதான் ஆஸ்பத்திரில கூட இருந்தாங்களாம், எங்களுக்கு டிஸ்சார்ஜ் ஆனப்புறம்தான் தெரியும். அம்மா ஒரே அழுகை. மூளைச்சலவை பண்ணிட்டாங்களா? எங்க வீட்டுக்காரரும் மாமாவும் போய் இழுத்துட்டு வரலாம்ங்கறாங்க. – ஒரு அக்கா, பொள்ளாச்சி

பதில்: இங்க பாருங்க அம்மணி, போறபோக்குல எழுதியிருக்கீங்களே அந்த டெங்கு விஷயம், பதிலே அதுலதான் இருக்கு. ட்ரிப்ஸ் ஏறிட்டு இருக்கும்போது பக்கத்துல உக்காந்து கஞ்சி குடுத்தவங்க என்ன தத்துவம் சொன்னாலும் காதுல ஏறத்தான் செய்யும்.

1960கள்ல ஜான் லோஃப்லாண்ட், ராட்னி ஸ்டார்க்னு ரெண்டு சமூகவியல் மாணவங்க, கொரியாலேர்ந்து அமெரிக்கா வந்த மூன் சபையோட (சன் மியுங் மூன்ங்கறவர் ஆரம்பிச்ச மத அமைப்பு) ஒரு சின்ன குரூப்ப சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் கிட்ட இருந்து கவனிச்சாங்க. அத அங்க கொண்டு வந்தவங்க யங் ஊன் கிம்னு ஒரு அம்மா, படிச்சவங்க, காலேஜ்ல பாடம் எடுத்தவங்க. ஆரெகன் மாநிலத்துல யூஜின்ங்கற ஊர்ல மொதல்ல கூட்டம் போட்டு பேசிப் பாத்திருக்காங்க, ஒண்ணும் தேறல. அப்புறம் ஒரு வீட்டுல குடியிருந்தப்ப அந்த வீட்டம்மாவும் பக்கத்து வீட்டுக்காரங்களும் நல்லா பழகி, அவங்கதான் மொத ஆளுங்களா சேந்தாங்க, அப்புறம் அவங்க புருஷனுங்க, அப்புறம் வேலை செய்யற எடத்து ஃப்ரெண்ட்ஸ். சான் ஃபிரான்சிஸ்கோ போனப்புறம் சேந்தவங்கள்லயும் நெறைய பேரு ஊருக்குப் புதுசு, சொந்தபந்தம் எல்லாம் எங்கயோ தூரத்துல. கொள்கை புடிச்சுப்போயும், வெளிய நெருக்கமான ஆளுங்க இருந்தவங்க சேரல. உங்க தம்பி கதைய 60 வருஷம் முன்னாடியே எழுதி வெச்ச மாதிரி இல்ல?

மூளைச்சலவைங்கறது எனக்கு எப்பவுமே நம்ப முடியாத விளக்கம், வீட்டுக்காரங்களுக்கு வசதியான விளக்கமும்கூட (நம்ம பக்கம் தப்பில்லன்னு ஆயிடுதுல்ல). லண்டன்ல அய்லீன் பார்க்கர்னு ஒரு பேராசிரியர், அதே மூன் சபை நடத்தின தங்கிப் படிக்கற முகாமுக்கு 1979ல போனவங்கள கணக்கெடுத்தாங்க. பத்துல ஒம்போது பேரு சேரவேயில்ல, சேந்தவங்கள்லயும் பெரும்பாலானவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள தானாவே வெளிய வந்துட்டாங்க.

அதனால இழுத்துட்டு வர்ற வேலையே வேண்டாம். 1970கள்ல அமெரிக்கால டெட் பாட்ரிக்னு ஒருத்தர் பெத்தவங்க சார்பா பசங்கள தூக்கிட்டு வந்து ரூம்ல அடைச்சு மனச மாத்தறேன்னு கெளம்பி, கேஸாகி ஜெயிலுக்கே போனார். உங்க மாமாவுக்கு இத படிச்சுக் காட்டுங்க.

பயமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். அமெரிக்கால ஜிம் ஜோன்ஸ்னு ஒரு போதகர் நடத்தின பீப்பிள்ஸ் டெம்பிள்ங்கற சபையிலயும் சாப்பாடு, வயசானவங்களுக்கு கவனிப்பு, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில உக்கார்ற சமத்துவம்னு அன்பாத்தான் ஆரம்பிச்சது. அப்புறம் வீடு வாசல எழுதிக் குடுத்து, தென் அமெரிக்கால இருக்கற கயானா நாட்டுக் காட்டுக்குப் போய், பாஸ்போர்ட்டையும் குடுத்துட்டு, 1978 நவம்பர்ல 900 பேருக்கு மேல செத்தாங்க. அதனால தம்பி வேலைய விடறேன்னாலோ, லோன் போட்டு குடுத்தாலோ, சர்ட்டிஃபிகேட்ட அங்க ஒப்படைச்சாலோ, அவன் ஃபோன வேற யாராவது எடுத்தாலோ அப்ப சும்மா இருக்காதீங்க, வக்கீல் போலீஸ்னு போங்க. கறி சாப்பிடாததெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல.

இப்போதைக்கு ஒரு சனிக்கிழமை நீங்க மட்டும் பஸ் ஏறிப் போங்க. அவன் ரூம்ல தங்குங்க, ஆஸ்பத்திரில கூட இருந்தது யாருன்னு கேட்டு அவங்கள பாத்து ஒரு நன்றி சொல்லுங்க, ஆளுங்க எப்படின்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். எவ்வளவு பணம் குடுக்கறான்னு நேராவே கேளுங்க, சாமிய பத்தி மட்டும் வாதாடாதீங்க. அம்மாவ அடுத்த தடவ கூட்டிட்டுப் போலாம், அழுகை கொஞ்சம் நின்னப்புறம்.