மறுமொழி: விஆர் காட்சியை வாடிக்கையாளர் நம்பவில்லை

வணக்கம். கஸ்தூரியார் வீதிக் கடையில் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை மாட்டி, இரட்டைக் கண்ணாடி யன்னல் வெளிச்சத்தத்தை எப்படி அடக்கும் என்று காட்டினால், "வொலியூமைக் குறைச்சுப்போட்டு ஏமாத்துறியள்" என்று சனம் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். கோபிக்காதீர்கள், அவர்களின் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

யன்னல் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் அடக்காது. ஓட்டோ ஹோர்னின் கீச்சு நன்றாக அடங்கும். பஸ் எஞ்சினின் உறுமல் கொஞ்சம் உள்ளே வரும். யன்னலின் சோதனை அறிக்கையில் அதிர்வெண் வாரியாக இருக்கும் டெசிபெல் (சத்த அளவு) எண்களை எடுத்து, காட்சியின் ஒலியில் ஒவ்வொரு அதிர்வெண் பட்டையையும் அதனதன் எண்ணின்படி தனித்தனியே குறையுங்கள். அந்த உறுமல் மிஞ்சினால்தான் நம்புவார்கள். தலையைத் திருப்பினாலும் அது யன்னல் பக்கமிருந்தே கேட்க வேண்டும்.

அப்புறம், விஆர் கண்ணாடியோடு வரும் ஸ்பீக்கர் வேண்டாம். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் போடுங்கள், இல்லாவிட்டால் கடைவாசல் இரைச்சலும் கலந்துவிடும்.

இன்னொன்று, எங்கள் பழைய வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம் இருக்குமே! சுவரில் 1 சதவீதம் திறந்திருந்தாலே மொத்தத்தில் சுமார் 20 டெசிபெலுக்கு மேல் அடக்க முடியாது. துவாரம் திறந்தபடி ஒன்று, அடைத்தபடி ஒன்று என இரண்டு காட்சியும் வையுங்கள். யன்னலைப் பொருத்தின பிறகு சண்டை வராது.