டயோட்ரோபியம், ஃபார்மோட்டெரால் இன்ஹேலர்களே நுரையீரல் அழற்சியைக் குறைக்கும் என்றால், கூடவே ஸ்டீராய்டு எதற்கு?

கேள்வியில் சொல்லியிருப்பது சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) உள்ள அப்பாவைப் பற்றி. அவருக்கு டயோட்ரோபியம், ஃபார்மோட்டெரால், புடசோனைடு மூன்றும் போகின்றன. முதல் இரண்டும் மூச்சுக்குழாயை விரிப்பவை, புடசோனைடுதான் ஸ்டீராய்டு. முதல் இரண்டுமே அழற்சியைத் தணிக்கும் என்று படித்துவிட்டு, புடசோனைடை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது ஆய்வுக்கூட உண்மை. டயோட்ரோபியம் தடுப்பது, மூச்சுக்குழாயைச் சுருக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை. அது நரம்பு முனையிலிருந்து மட்டும் வருவதில்லை. மூச்சுக்குழாயின் உள்தோல் செல்களும் அதைச் சுரக்கின்றன. அது மேக்ரோஃபேஜ் என்ற பாதுகாப்புச் செல்களைத் தூண்ட, அவை வெளியிடும் பொருள்கள் நியூட்ரோஃபில் என்ற அழற்சி வெள்ளையணுக்களைக் கூட்டமாக இழுத்து வருகின்றன. செல் வளர்ப்புச் சோதனைகளில் டயோட்ரோபியம் இந்தத் தூண்டலைத் தடுக்கிறது. ஃபார்மோட்டெரால் வகை மருந்துகள் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞைப் பொருளின் அளவைக் கூட்டி, அலர்ஜியில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல் ஹிஸ்டமின் கொட்டுவதையும் ரத்தநாளம் நீர் கசிவதையும் குறைக்கின்றன. பிரச்சினை என்னவென்றால், தினமும் போட்டால் மாஸ்ட் செல் சீக்கிரமே பழகிவிடுகிறது. மூச்சுக்குழாய்த் தசை அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. அதனால் விரிக்கும் வேலை நிலைக்கும், அழற்சியைத் தணிப்பது தேய்ந்துவிடும்.

நோயாளிகளிடம் பார்த்தபோது என்ன ஆனது? 2007-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 142 சிஓபிடி நோயாளிகள். பாதிப் பேருக்கு டயோட்ரோபியம், மீதிப் பேருக்கு வெற்று மருந்து, ஒரு வருடம். டயோட்ரோபியம் போட்டவர்களுக்கு நோய் திடீரென முற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அழற்சியின் அளவுகோலாகச் சளியில் அளந்த இன்டர்லூக்கின்-6 குறையவில்லை. இன்டர்லூக்கின்-8 குறைவதற்குப் பதில் கூடியே இருந்தது. பலன் கிடைத்திருக்கிறது, அழற்சி அடங்கியதால் அல்ல.

பின் எப்படி? சிஓபிடியில் உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தேங்கி, நெஞ்சு எப்போதும் உப்பியே இருக்கிறது. இன்ஹேலர் அந்தத் தேக்கத்தை இறக்குகிறது. அதன் பிறகு ஒரு சளித்தொற்று வந்தாலும் தாங்குவதற்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். என் பார்வையில் இதுதான் முக்கியக் காரணம். இன்னொன்றும் உண்டு. 2011-இல் லேசான ஆஸ்துமாக்காரர்களிடம் நடந்த ஆய்வில், மெத்தாகோலின் என்ற சுருக்கும் மருந்தைக் கொடுத்து மூச்சுக்குழாயைத் திரும்பத் திரும்பச் சுருங்க வைத்தார்கள். இயோசினோஃபில் (அலர்ஜி வகை அழற்சியில் கூடும் வெள்ளையணு) கூடாமலேயே சுவர் தடிக்கும் மாற்றங்கள் தெரிந்தன. முன்கூட்டியே மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்துச் சுருக்கத்தைத் தடுத்தவர்களிடம் அது தெரியவில்லை. சுருக்கமே ஒரு காயம் என்றால், சுருங்க விடாமல் வைப்பதே ஒருவகைத் தடுப்பு. இது ஆஸ்துமாவில் கண்டது, சிஓபிடிக்கு அப்படியே பொருத்த முடியாது.

இனி ஸ்டீராய்டு. 2016-இல் வந்த ஃப்ளேம் ஆய்வில் ஸ்டீராய்டு இல்லாத இண்டகடெரால்-கிளைக்கோபைரோனியம் ஜோடி, ஸ்டீராய்டு உள்ள சால்மெட்டெரால்-ஃப்ளூட்டிகசோன் ஜோடியைவிட நோய் முற்றும் தடவைகளை 11% குறைவாக வைத்தது, நிமோனியாவும் குறைவு. ஆகவே சிஓபிடி என்றாலே ஸ்டீராய்டு என்பது சரியில்லை. அதற்காக எல்லாருக்கும் வேண்டாம் என்றும் இல்லை. முடிவு செய்ய உதவுவது ரத்தத்தில் இயோசினோஃபில் எண்ணிக்கை. மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்து நோய் அடிக்கடி முற்றினால் ஸ்டீராய்டு உதவும், அவர்களுக்கு நிறுத்தினால் மறுபடி முற்றக்கூடும். 100-க்குக் கீழே பலன் குறைவு. லேப் ரிப்போர்ட்டில் சதவீதம் மட்டும் போட்டிருந்தால் மொத்த வெள்ளையணுவோடு பெருக்குங்கள்: 8,000-இல் 4% என்றால் 320. ப்ரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) மாத்திரை சாப்பிடும் நாட்களில் எடுத்த எண்ணிக்கை பொய்யாகக் குறையும். குடற்புழு இருந்தால் பொய்யாக ஏறும். நம் ஊரில் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு ஆஸ்துமாவும் கலந்திருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. ஆஸ்துமாவில் ஸ்டீராய்டு இல்லாமல் ஃபார்மோட்டெரால் மட்டும் போடுவது ஆபத்து. எந்த வகை என்று தெரியாமல் நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

அதற்கு முன் அவர் மருந்தை இழுக்கும் விதத்தைப் பாருங்கள். தூள் கேப்சூல் என்றால் போடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். ஈரம் பட்டால் தூள் கட்டியாகிவிடும். கருவியில் வாய் வைப்பதற்கு முன்பே மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும், கருவிக்குள் ஊதக்கூடாது. பிறகு வேகமாக, ஆழமாக இழுத்து, முடிந்தவரை பத்து விநாடி அடக்க வேண்டும். கேப்சூலில் தூள் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுக்கட்டும். ஸ்பிரே என்றால் நேர்மாறு: ஸ்பேசரோடு (மருந்தைத் தேக்கி வைக்கும் குழாய்), மெதுவாக. புடசோனைடு போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கேப்சூலை மாத்திரை என்று விழுங்குகிறவர்களும் உண்டு. அது நுரையீரலுக்குப் போகவே போகாது.

டயோட்ரோபியத்தில் வாய் வறட்சி சகஜம். புரோஸ்டேட் தொந்தரவு உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.