மலைப்பயணம்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: மலைப் பகுதிகளில் காட்சிமுனை, அருவி, நடைபாதை ஆகியவற்றை எந்த வரிசையில் பார்ப்பது நல்லது? உயரம் உடலைப் பாதிக்குமா?

பதில்: காட்சிமுனைகளை விடியற்காலையிலேயே பார்த்துவிடுங்கள். வெயில் ஏற ஏற, சரிவுகளில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகத் திரள்வதால், காலையில் துல்லியமாகத் தெரிந்த சிகரம் நண்பகலுக்குள் மறைந்துவிடுவதும், பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவதும் மலைகளில் அடிக்கடி நிகழ்பவை. அருவியில் தெளிந்து ஓடும் நீர் திடீரெனக் கலங்கிச் சருகும் சுள்ளியுமாக வரத் தொடங்கினால், உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மேலே எங்கோ பலத்த மழை பெய்திருக்கக்கூடும் என்று கொண்டு, படம் எடுக்கவும் நிற்காமல் கரையேறிவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால் கம்பளி உடை அவசியம்.

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். 3,000 மீட்டரைக் கடந்தபின், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள். அறிகுறி இருக்கும்போது மேலே ஏற வேண்டாம். நடை தள்ளாடினாலோ, ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் துணையுடன் உடனே கீழே இறங்கி மருத்துவ உதவி பெறுங்கள்.