டிரம்ஸ் சாதகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. அதில் உருப்படியாக ஏதாவது கற்க முடியுமா?

தாராளமாக முடியும். வாரத்தில் ஒருநாள் மட்டும் மூன்று மணி நேரம் உட்காருபவரை நீங்கள் சீக்கிரமே தாண்டிவிடுவீர்கள்.

முதல் ஐந்து நிமிடம் பேடில் (பயிற்சிக்கான ரப்பர் பலகை) சிங்கிள் ஸ்ட்ரோக் (கைக்கு ஒரு அடி, மாற்றி மாற்றி), டபுள் ஸ்ட்ரோக் (கைக்கு இரண்டு அடி), அவ்வளவுதான். வேகம் வேண்டாம். அடித்த குச்சி தானாக எழும்புகிறதா, இல்லை நீங்கள் தூக்குகிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். அடுத்த பதினைந்து நிமிடம் ஒரே ஒரு விஷயத்துக்கு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உட்கார்ந்த பிறகு ‘இன்று என்ன வாசிக்கலாம்’ என்று யோசித்தால், ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கை வாசிக்கும். அதனால் முந்தின நாளே நோட்டில் எழுதி வையுங்கள்: ‘மூன்று பார் பீட், ஒரு பார் ஃபில், வேகம் 70’ என்கிற மாதிரி. (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று; பீட் திரும்பத் திரும்ப வரும் தாளம்; ஃபில் நடுவே வரும் அலங்கார வாசிப்பு; வேகம் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது.) பிசகினால் வேகத்தைப் பத்து குறையுங்கள். பிசகாமல் நாலைந்து முறை வந்தால் மூன்று, நான்கு கூட்டலாம். எந்த வேகத்தில் நிறுத்தினீர்களோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரம் பிடித்த பாட்டோடு வாசியுங்கள். அதையும் வெட்டிவிட்டால் ஒரே மாதத்தில் சலித்துப்போகும்.

மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் கிளிக் சத்தம் தரும் கருவி) இல்லாமல் நன்றாக வாசிக்கிறேன். அதைப் போட்டாலே தடுமாறுகிறேன். ஏன்?

இல்லாதபோதும் தடுமாறுகிறீர்கள், காட்டிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்! நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன். வாசித்ததைப் பதிவு செய்து கேட்டபோதுதான் ஒவ்வொரு ஃபில்லிலும் வேகம் ஓடிப்போயிருந்தது தெரிந்தது.

60-ல் வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாசியுங்கள். மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டம். இரண்டு கிளிக்குக்கு நடுவே முழுசாக ஒரு வினாடி, பிசக நிறைய இடம். அது பழகியதும் மெட்ரோனோமை 30-க்கு இறக்கிவிட்டு, அதே வேகத்தில் வாசித்தபடி கிளிக்கை இரண்டாவது, நான்காவது அடியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் மூன்றும் உங்கள் பொறுப்பு. காலப்பிரமாணம் உள்ளுக்குள் உட்காருவது இப்படித்தான்.

இடது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. இடது கையால் பல் துலக்கினால் சரியாகும் என்கிறார்களே?

பல் சுத்தமாகும். கைக்கு வேண்டியது குச்சியின் எழும்புதலைப் பிடிக்கும் பழக்கம். அது பிரஷ்ஷில் வராது. பாரடிடில் வாசியுங்கள்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இதை இடதில் ஆரம்பித்து வாசிப்பது இன்னும் நல்லது. எதிரில் கண்ணாடி இருந்தால் இரண்டு குச்சியும் ஒரே உயரத்துக்கு எழும்புகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

நாற்பது ரூடிமென்டும் (குச்சியால் அடிக்கும் அடிப்படைப் பாடங்கள்) கற்றால்தான் டிரம்மரா?

இல்லை. சிங்கிள், டபுள், பாரடிடில், ஃபிளாம் (ஒரு கை சற்று முந்தி மெல்லத் தட்ட, மறு கை அடிப்பது) நான்கையும் முதலில் ஒழுங்காக வாசியுங்கள். பேடோடு நிறுத்தாமல் செட்டுக்கும் கொண்டுபோங்கள். வலது கையை ஹை-ஹேட்டிலும் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு) இடது கையை ஸ்நேரிலும் (முன்னால் இருக்கும் சிறிய டிரம்) வைத்து அதே பாரடிடிலை வாசித்துப் பாருங்கள், பயிற்சி பீட்டாக மாறிவிடும்.

கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கிறது.

அப்போதே நிறுத்துங்கள். வலியோடு வாசித்தால் கை இறுக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் குச்சியைப் பிடித்தால் போதும், மற்ற விரல்கள் சும்மா அணைத்திருக்கட்டும். ஸ்டூல் உயரத்தையும் பாருங்கள். மரத்துப்போனாலோ, ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

காதுக்கு ஏதாவது போட வேண்டுமா? சத்தம் பழகிவிட்டதே.

பழகவில்லை. காது கெட ஆரம்பித்திருக்கலாம். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணிநல நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். டிரம் செட் அதைச் சுலபமாகத் தொடும். பஞ்சு போதாது. இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் காதடைப்பான் வாங்கி, குச்சிப் பையிலேயே போட்டு வையுங்கள்.