பெருங்குடல் புண்: நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் 31 வருஷம் நின்றவன் நான். அதில் பாதிக்கு மேல் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்கிற பெருங்குடல் புண்ணோடுதான் நின்றேன். 2004-ல் கண்டுபிடித்தார்கள். நான் டாக்டர் இல்லை, அதனால் யாருக்கும் டோஸ் எழுதித் தர மாட்டேன். அனுபவமும் கடையில் கற்றதும்தான் கைவசம். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

ஆலங்குளம், 34 வயது: அண்ணாச்சி, பீடி சுற்றுகிறேன். ஆறு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தமும் சளியும் வருகிறது. உட்கார்ந்தே இருப்பதால் மூலம் என்று மருந்து தந்தார்கள். குறையவில்லை. தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்து ஓட வேண்டியிருக்கிறது.

தங்கச்சி, மூலத்தில் பெரும்பாலும் ரத்தம் தனியாகச் சொட்டும், மலத்தோடு கலக்காது. உங்களுக்குச் சளியும் கலந்து, ஓடும்படி அவசரமாக வருகிறது. கடைக்கு மூலக் களிம்பு கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி தூக்கத்திலிருந்தும் எழுப்புகிறதா? ஆமாம் என்றால் களிம்பு தர மாட்டேன், டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.

முதலில் மலப் பரிசோதனை. அமீபா சீதபேதியும் பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும். அதைக் கோலைட்டிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து. அப்புறம் மலத்திலேயே கால்புரொடெக்டின் என்று ஒரு அளவு பார்ப்பார்கள். 50-க்குக் கீழே என்றால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. 250-ஐத் தாண்டினால் உள்ளே நெருப்பு எரிகிறது. ஆனால் அது எந்த நெருப்பு என்று அந்த எண் சொல்லாது. அதற்குக் கொலோனோஸ்கோபி, அதாவது பின்பக்கம் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, செய்து, துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலே ஏறும், பெருங்குடலைத் தாண்டாது. இதே மாதிரி இன்னொரு குடல் அழற்சியான கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும், விட்டு விட்டு வரும். நம் நாட்டில் குடல் காசநோயும் இருப்பதால் அதையும் கிரோனையும் பிரித்தறிவதற்குள் டாக்டர்களுக்கே போதும் போதும் என்றாகிவிடும்.

கொலோனோஸ்கோபிக்குப் பயப்பட வேண்டாம். கஷ்டமெல்லாம் முந்தின நாள்தான். குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் பவுடர் கரைத்த தண்ணீர் உப்புக்கரித்துக்கொண்டு தொண்டையில் இறங்காது. குளிரவைத்து, ஒவ்வொரு டம்ளருக்கும் பிறகு ஒரு வாய் இளநீர் குடித்தேன், இறங்கியது. ரோஸ்மில்க் மாதிரிச் சிவப்பாக எதுவும் குடிக்காதீர்கள், உள்ளே பார்க்கும்போது ரத்தமோ என்று குழப்பும். தனியாரிடம் செலவு கையைக் கடிக்கும் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு பெரியாஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள்.

தென்காசி: எனக்கும் அல்சர்தான். ஜெலுசில் குடித்தால் கேட்குமா?

கேட்காது. நாம் பேச்சுவழக்கில் அல்சர் என்பது இரைப்பைப் புண். இது வேறு இடம், வேறு காரணம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் குடலைத் தாக்குகிறது. உங்களுக்குச் சாப்பிட்டபின் எரிச்சல் மட்டும், ரத்தம் இல்லை என்றால் உங்களுடையது இரைப்பை சமாச்சாரமாக இருக்கலாம். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில், ஒரு தாய்: மகனுக்கு 19 வயது. எட்டு மாதமாக நன்றாக இருக்கிறான். இன்னும் மாத்திரை எதற்கு என்கிறான். உறவுக்காரர் ஒருவர் லேகியம் சாப்பிட்டால் வேரோடு போய்விடும் என்கிறார்.

அம்மா, உங்கள் மகன் இப்போது சொல்வதை நான் 2009-ல் சொன்னேன். இரண்டு வருஷம் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் தந்த பொடியை நம்பி, இந்த நோய்க்கான மெசலமைன் மாத்திரையை நிறுத்தினேன். மருந்துக்கடைக்காரன் செய்கிற வேலையா அது? நாலாவது மாதம் எங்கள் ஊர்க் கோயில் கொடை. நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டு உச்சத்தில் இருக்க, கூட்டத்தின் நடுவே இருந்தவன் எழுந்து வாழைத்தோட்டத்துக்கு ஓடினேன். விடிவதற்குள் ஒன்பது தடவை. அப்புறம் ஆஸ்பத்திரியில் பத்து நாள், ஸ்டீராய்டு இரண்டு மாதம்.

அடங்கியிருக்கிறது என்றால் மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு இதை வேரோடு எடுக்கும் மருந்து கிடையாது. பெருங்குடலையே அறுவை செய்து எடுப்பது ஒன்றுதான் அந்த வகையில் உண்டு. லேகியத்தில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது, ஈரலும் சிறுநீரகமும்தான் கண்டுபிடிக்கும். பையனைத் திட்டாதீர்கள். காலையில் பல் விளக்கியதும் மாத்திரை என்று பழக்குங்கள். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் கிரியேட்டினின் பாருங்கள், மெசலமைன் அபூர்வமாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மாத்திரையைப் பொடிக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் மேல்பூச்சு குடலின் கடைசியில்தான் கரைய வேண்டும். வெளியே வரும்போது மாத்திரைக் கூடு தெரிந்தாலும் பதற வேண்டாம், பெரும்பாலும் வெறும் தோல்தான். முழு மாத்திரையே அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விக்கிரமசிங்கபுரம்: இரண்டு வருஷமாகத் தயிர்சாதம்தான். எட்டு கிலோ குறைந்துவிட்டது. எதைத் தொட்டாலும் 'ஆகாது' என்கிறார்கள் வீட்டில்.

அதிகம் வந்த கேள்வி இதுதான். காரம் சாப்பிட்டதால் இந்த நோய் வரவில்லை, காரத்தை விட்டதால் போகப்போவதும் இல்லை. எல்லாருக்கும் பொருந்தும் பத்தியம் ஒன்று கிடையாது. நோய் கிளம்பியிருக்கும்போது ஒரு சாப்பாடு, அடங்கியிருக்கும்போது ஒரு சாப்பாடு.

கிளம்பியிருக்கும் நாட்களில் குழைந்த சோறு, இடியாப்பம், இட்லி, முட்டை, முள் எடுத்த மீன், மசித்த உருளைக்கிழங்கு. கீரை, வாழைத்தண்டு, எள்ளுத் துவையல், தோலோடு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறு எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும். அடங்கியபின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு புதுப் பொருள்தான். என் நோட்டில் இப்படி இருக்கும்: 'செவ்வாய். சொதி இரண்டு கரண்டி, முருங்கைக்காய் எடுத்துவிட்டு. இஞ்சித் துவையல் தொட்டுக்கொள்ளும் அளவு. ராத்திரி சுகம்.' அதற்கடுத்த வாரம்: 'அல்வா 100 கிராம். தப்பு.' அல்வாவில் கோதுமைப்பால் குற்றவாளி இல்லை, கையில் ஒட்டும் அந்த நெய்தான். இப்போது கட்டைவிரல் அளவு சாப்பிடுகிறேன். கல்யாண மறுவீட்டுச் சொதியை விட்டுவிடு என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை நிறுத்திவிடுவேன்.

பால் நம்மவர்கள் பலருக்குச் செரிப்பதில்லை, அது தனிக் கோளாறு. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். மோரும் தயிரும் பலருக்கு ஒத்துப்போகும். எட்டு கிலோ குறைந்ததைத் தயிர்சாதத்தின் மேல் மட்டும் போடாதீர்கள், நோயே அடங்காமல் இருக்கலாம். ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பாருங்கள். இரும்பு மாத்திரை சில பேருக்கு வயிற்றைக் கலக்கும். ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் வழியும் உண்டு.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டவர்: பின்பக்கம் வைக்கிற மருந்து எழுதியிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது, மாத்திரை மட்டும் போதாதா?

நோய் கடைசி ஒரு சாணில் இருந்தால் மாத்திரையைவிட அதுதான் நேராகப் போய்ச் சேரும். ராத்திரி எல்லாரும் படுத்தபின் வெளிக்குப் போய்விட்டு வந்து, பழைய துண்டு ஒன்றை விரித்து, இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். இடது கால் நீட்டி, வலது முழங்காலை மடக்க வேண்டும். எனிமா பாட்டிலைக் கையில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள், குளிர்ந்து இருந்தால் குடல் உடனே வெளியே தள்ளும். முதல் வாரம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை எனக்கு. மூன்றாவது வாரம் விடியும்வரை நின்றது. வைக்கிற மாத்திரை என்றால், கத்திரி வெயிலில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், இளகிவிடும்.

வள்ளியூர்: ஸ்டீராய்டால் முகம் பூசணி மாதிரி ஆகிவிட்டது. நானே நிறுத்திவிட்டேன்.

எப்போது? இன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். வாரக்கணக்கில் பிரட்னிசோலோன் எடுத்தால் உடம்பு தன்னுடைய சுரப்பைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று வரும். வழக்கமாக 40 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 5 குறைப்பார்கள். முகம் வடிந்துவிடும், எனக்கு வடிந்தது. ஆனால் இது தீயணைப்பு வண்டி, வருஷக்கணக்கில் வாசலில் நிறுத்திவைக்க முடியாது. நிறுத்தும்போதெல்லாம் நோய் திரும்பினால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோப்ரினோ ஊசி மருந்தோ கேட்க வேண்டும். அசாதியோப்ரின் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், ரத்த அணுக்களை அடிக்கடி பார்க்க வேண்டும். ஊசி தொடங்கும் முன் காசநோய்க்குச் சோதிக்காமல் விடாதீர்கள்.

அம்பாசமுத்திரம், புதுமணத் தம்பதி: குழந்தை பெறலாமா?

தாராளமாக. மூன்றிலிருந்து ஆறு மாதம் நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. மெசலமைனைக் கர்ப்பத்திலும் தொடர்வார்கள், பயந்து நிறுத்துவதுதான் ஆபத்து. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து கூடவே கூடாது, மாதக்கணக்கில் முன்பே நிறுத்த வேண்டும். தம்பி, நீங்கள் சல்பாசலசின் எடுக்கிறீர்களா? அது விந்தணுவைக் குறைக்கும், மாற்றினால் சில மாதத்தில் திரும்பும்.

கடையநல்லூர்: முட்டிவலிக்கு டைக்ளோபெனாக் போடலாமா?

வேண்டாம். அந்த வகை வலிமாத்திரை நோயைக் கிளப்பிவிடலாம். பாராசிட்டமால் போடுங்கள். முட்டிவலியே இந்த நோயின் கூட்டாளியாகவும் இருக்கலாம்.

முக்கூடல்: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

1955-ல் ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் வகுத்த கணக்கை இன்றும் பார்க்கிறார்கள். ஒரு நாளில் ரத்தத்தோடு ஆறு தடவையோ அதற்கு மேலோ, அதோடு காய்ச்சலோ, நாடி 90-க்கு மேலோ, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழோ இருந்தால் அது கடுமையானது. காத்திருக்காதீர்கள். வயிறு உப்பிக் கடினமாக இருந்தாலும் அப்படியே. அந்த நிலையில் பேதியை நிறுத்த லோபரமைடு போட்டுக் கிளம்பிவிடாதீர்கள், குடல் பலூனாக உப்பிவிடும்.

சேரன்மகாதேவி: பஸ்ஸில் போகவே பயம்.

நான் பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சாப்பாட்டை முடித்துவிடுவேன். பையில் மாற்று வேட்டி, டிஷ்யூ, ஒரு பிளாஸ்டிக் கவர். கண்டக்டரிடம் 'வயிற்றுக் கோளாறு, நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்க' என்று ஏறும்போதே சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. சொல்லிவிட்டால் பாதி அவசரம் வருவதே இல்லை, அது ஏன் என்று கேட்காதீர்கள்.

பாளையங்கோட்டை: இது புற்றாகுமா?

ஆகலாம் என்பதால்தான், நோய் தொடங்கி எட்டு வருஷம் ஆனபின் கண்காணிப்புக் கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை என்பதைக் குடலைப் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு அடுத்தது கார்த்திகையில்.

களக்காடு: கருப்பட்டிக் காபி குடிக்கலாமா அண்ணாச்சி?

நான் காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறேன். இரண்டாவது டம்ளர் குடித்த அன்றைக்கு நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இங்கே சொல்ல முடியாது.