ஒபாசத்தின் மண்டையோட்டில் என்ன விசேஷம், அது விலங்கு மருத்துவருக்கு எப்படி உதவும்?

வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஒபாசத்தை வைத்தே சொல்கிறேன்; கங்காரு மாதிரி குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் பைப்பாலூட்டி அது. அதன் மண்டையோட்டைக் கையில் எடுத்தால் முதலில் விரலில் தட்டுப்படுவது உச்சியில் ஓடும் எலும்பு வரப்பு, கூரை முகடு மாதிரி. கடிக்கும் தசை அதில்தான் பற்றியிருக்கிறது. மூளைக்கான அறையோ ரொம்பச் சின்னது.

அப்புறம் பற்களை எண்ணுங்கள். மொத்தம் 50! நாய்க்கே 42தான். வெட்டுப்பற்கள் மட்டும் மேலே 10, கீழே 8.

கீழ்த்தாடையைத் திருப்பிப் பார்த்தால் பின்மூலை உள்பக்கமாக மடிந்திருக்கும். பைப்பாலூட்டி என்று அடையாளம் காண அது ஒன்றே பெரும்பாலும் போதும். அண்ணத்தின் பின்பகுதியில் ஓட்டைகள் தெரியும். அது நோயல்ல, இயல்பான அமைப்பு.

மருத்துவத்துக்கு வருவோம். வண்டியில் அடிபட்டு வரும் ஒபாசத்துக்குத் தாடை முறிவைத் தேடுவது வழக்கம். ஆனால் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டுவதில்லை, நார்த்திசுதான் பிடித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அங்கே கோடு தெரிந்ததும் முறிவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வீக்கம், ரத்தக்கசிவு, பல்வரிசை விலகல் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்ணாக இருந்தால் பையிலும் குட்டி இருக்கிறதா என்று மறக்காமல் பார்க்க வேண்டும்.

வயதைக் கணிக்கவும் பல்தான் துணை. ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழும் மூன்றாவது முன்கடைவாய்ப்பல் மட்டுமே விழுந்து முளைக்கும். அதன் பால்பல் கடைவாய்ப்பல் போலப் பல முனைகளோடு இருக்கும். அது இன்னும் வாயில் இருந்தால், சரி, இளசுதான். கடைவாய்ப்பற்கள் எத்தனை முளைத்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு இன்னும் நெருங்கும்.